வாசலில் சொல்லும் வார்த்தை

8 ஆகஸ்ட் 1996, வியாழன்

பம்பாயிலிருந்து வந்த ஸ்ரீரங்கன் சார் எங்கள் குதூகலம் பார்க்கின் வாசல் பெண்களுக்கான பயிற்சியை இன்றோடு முடித்துவிட்டார். வண்டலூர் வெயிலில் டை கட்டிக்கொண்டு நிற்பதற்கே அந்த மனிதருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கலாம். இத்தனை நாள் அவர் பேசியதை நான் மூன்று வரியில் எழுதிவிடுவேன். யார் கேட்டைத் தாண்டினாலும் கை கூப்ப வேண்டும். பல் தெரியச் சிரிக்க வேண்டும். வசனத்தைச் சொல்ல வேண்டும். உள்ளே வருகிறவர்களுக்கு, "வாங்க வாங்க, குதூகலமா இருங்க." வெளியே போகிறவர்களுக்கு, "சந்தோஷமா போயிட்டு மறுபடியும் வாங்க."

"எட்டுப் பல்லாவது தெரியணும்" என்றார். உடனே நம்ம பொன்னி எழுந்து, "சார், எனக்கு ஒரு பல்லு விழுந்துட்ச்சு, ஏழு போதுமா?" என்று கேட்டாளே பார்க்கலாம். கோவளம் குப்பத்துப் பெண்ணுக்கு வாய்த்துடுக்கைச் சொல்லித்தரவா வேண்டும்! அத்தனை பேரும் சிரித்தார்கள். "இது! இந்தச் சிரிப்புதான் வேணும்" என்று அவர் மேஜையைத் தட்டினார்.

எல்லாம் அந்த ஜிலுஜிலு பார்க்கால் வந்த வினை. மே மாதம் பழைய மகாபலிபுரம் ரோட்டில் திறந்தார்கள். செயற்கை அலைக் குளமாம், கடல் மாதிரி அலை அடிக்குமாம். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஆனாலும் ஜனங்கள் அலை பார்க்க அங்கேதான் போகிறார்கள். எம்.டி. லக்ஷ்மிநாராயணன் சார் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "அவங்ககிட்ட அலை இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு? நீங்கதான் இருக்கீங்க." கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நாளையிலிருந்து பெண்களைப் பழக்க வேண்டியது பயிற்சி சூபர்வைசராகிய நான். "தூக்கத்துல எழுப்பினாலும் வரணும் மிஸஸ் சரசு" என்று ஸ்ரீரங்கன் சார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

வாரத்தில் இந்த ஒரு நாள்தான் எனக்கு லீவு. செல்லம்மா அண்ணி பள்ளிக்கரணையிலிருந்து வழக்கம்போல் வந்திருந்தாள். ஊரில் நாத்தனார் என்றால் ஓடி ஒளிவார்கள். எனக்கு வாய்த்தவள், தம்பி வேலைக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்து, எனக்கு லீவு என்பதற்காகச் செவ்வாய்க்கிழமை வருகிறாள். அவளும் நானும் அவள் அம்மாவான என் அத்தையும் உட்கார்ந்தால் எங்கள் பம்மலில் ஒருத்தர் தலை தப்பாது.

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே தன் தினசரிக் கேள்வியைக் கேட்டாள்: "ஏண்டி, எத்தினி பேருக்குப் பல்லக் காட்டினே?" என் வேலையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "இன்னிக்கு லீவு அத்தை" என்றேன். "அப்ப எனக்குக் காட்டு" என்றாள். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

19 ஆகஸ்ட், திங்கள்

பழைய ஸ்டோர் ரூமின் இரும்பு கேட்டைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டேன். நான் கேட்டை இழுத்துவிட்டால் 'கிறீச்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட உடனே கை, பல், வசனம். யோசிக்கவே கூடாது. பொன்னிதான் முதல். அவளுக்குச் சத்தம் பாதி வரும்போதே சிரிப்பு வந்துவிடுகிறது.

சாயங்காலம் வீட்டில் காஸ் சிலிண்டர் போட்டவன் எங்கள் கேட்டைக் கிறீச்சென்று திறந்துகொண்டு வெளியே போனான். "சந்தோஷமா போயிட்டு மறுபடியும் வாங்க" என்று சொல்லிவிட்டேன், கையெடுத்துக் கும்பிட்டு! அவன் மிரண்டு போய், "அடுத்த மாசம்தான்மா வரும்" என்கிறான். இவர் சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

28 ஆகஸ்ட், புதன்

பொன்னி வேலையை விட்டுவிட்டாள். ஜிலுஜிலுவுக்குப் போகிறாள். "கோவளத்துலேர்ந்து அது கிட்டக்க கீதுக்கா, ஒரே பஸ்ஸு" என்றாள். நான் தயார் செய்த பிள்ளை எதிராளி வாசலில் நிற்கப் போகிறாள். வயிறு எரிகிறது. அவளைத் திட்டவும் மனசு வரவில்லை.

3 செப்டம்பர், செவ்வாய்

அத்தைக்கு ராத்திரியிலிருந்து மூச்சு வாங்குகிறது. அண்ணி வந்தவள் திரும்பிப் போகவில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

அத்தை போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில். நேற்று எடுத்தோம்.

எழுத வேண்டியது அதுவல்ல, வேறொன்று. அதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

நேற்று சுடுகாட்டிலிருந்து ஆம்பிளைகள் வந்து, குளித்து, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. நாமும் வா என்றோ போய்ட்டு வா என்றோ சொல்வதில்லை. இது குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் ரெண்டு ராத்திரி தூங்காமல் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அண்ணியின் வீட்டுக்காரர் எத்திராஜ் அண்ணன், பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்குக் கிளம்பினார். எங்கள் கேட்டைத் திறந்தார். அது கிறீச்சிட்டது.

என் ரெண்டு கையும் சேர்ந்தது. சிரித்தேன். "சந்தோஷமா போயிட்டு மறுபடியும் வாங்க."

முழுசாகச் சொன்னேன். ஒரு எழுத்து விடவில்லை. எட்டுப் பல்லும் தெரிந்திருக்கும். அய்யோ கடவுளே. தெருவே திரும்பிப் பார்த்தது. எத்திராஜ் அண்ணன் காதில் விழாத மாதிரி வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். தலையெல்லாம் அவிழ்ந்து, அழுது வீங்கின முகம். "இன்னாடி சொன்னே?" என்றாள். நான் என்னத்தைச் சொல்லுவேன்?

இவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால்கூடத் தேவலை.

22 செப்டம்பர், ஞாயிறு

இன்று கருமாதி. எத்திராஜ் அண்ணன் பள்ளிக்கரணையிலிருந்து டி.வி.எஸ். ஐம்பதில் வந்துகொண்டிருந்தார். மேடவாக்கம் பக்கம் மழைச் சேற்றில் வண்டி சறுக்கி, பின்னால் வந்த லாரிக்கு மயிரிழையில் தப்பித்திருக்கிறார். இடது கால் ரெண்டு இடத்தில் முறிவு. சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் வந்து சொன்னான். அண்ணி எழுந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

24 செப்டம்பர், செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த நிலையிலும் அவர், "வா சரசு, கும்பிட முடியாது, கை வலிக்குது" என்று கண்ணடித்தார். அண்ணி என் கையிலிருந்த கேரியரைப் பார்க்கவில்லை. என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சாவு வூட்ல நின்னுகினு மறுபடியும் வாங்கன்னு கூப்ட்டே. வந்தார் இல்ல? வர்ற வழியிலயே படுத்துட்டார் இல்ல? இனிமே என் மூஞ்சில முழிக்காதே. நானும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

வாய் தவறி வந்துவிட்டது அண்ணி என்றேன். "தவறி வர்றதுக்கு நல்லாப் பயிற்சி எடுத்துகினு கீறியே" என்று உள்ளே போய்விட்டாள். சாப்பாட்டை வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மழையில் வண்டி சறுக்குவதற்கும் என் வாய்க்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. பி.ஏ. படித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன செய்ய.

1 அக்டோபர், செவ்வாய்

யாரும் வரவில்லை.

8 அக்டோபர், செவ்வாய்

இன்றும் இல்லை. அத்தையின் வெற்றிலைப் பெட்டியைத் துடைத்து வைத்தேன். நான் இன்னும் அழவே இல்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு சொட்டு வரவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

15 அக்டோபர், செவ்வாய்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஜிலுஜிலுவுக்கு ஜனங்களோடு ஜனமாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று சொல்லுங்கள் என்று எம்.டி. அனுப்பியிருந்தார். துக்க வீட்டுக்காரர்கள் போகிற இடமா அது? இவர், "வேலைன்னா வேலைதானே, நானும் வரேன்" என்று தோல் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். கருமாதிக்கு மொட்டை போட்ட தலையில் இப்போதுதான் முள் முள்ளாக முடி முளைத்திருக்கிறது.

உள்ளே நுழையும்போதே, "வாங்க வாங்க, ஜிலுஜிலுன்னு இருங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வசனம்! பேரை மட்டும் மாற்றியிருக்கிறான் அந்த ஸ்ரீரங்கன். ஒரே சரக்கை ரெண்டு கடையிலும் விற்றிருக்கிறான், கில்லாடி. ராட்டினத்தில், ஐஸ்க்ரீம் கடையில், கக்கூஸ் வாசலில்கூட அதே கும்பிடு, அதே பல். இவர் ஒன்றிலும் ஏறவில்லை. அலைக் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மாவ ஒரு தடவ உங்க பார்க்குக்குக் கூட்டினு போயிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். நான் பாஸ் வாங்கியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. அத்தை கேட்கவும் இல்லை, எனக்குத் தோன்றவும் இல்லை.

வெளியே வரும் வாசலில் பொன்னி நின்றாள். இவர் முதலில் போனார். அழுத கண்ணும் முள் தலையுமாக. அவள் கை கூப்பி, பல் தெரிய, "சந்தோஷமா போயிட்டு மறுபடியும் வாங்க" என்றாள். பிறகு எனக்கும் அதையே சொன்னாள். என் முகத்துக்கு நேராக. நான் அவளைத் தாண்டிப் போன பிறகுதான், "அய்ய அக்கா, நீங்களா!" என்று ஓடி வந்தாள்.

அவள் பார்க்கவே இல்லை. எதிரில் இருப்பது யார், அழுகிறானா, சிரிக்கிறானா, தெரிந்த ஆளா, ஒன்றும் பார்க்கவில்லை. பார்க்காமல் சொல்வதற்கு அவளைப் பழக்கியது நான்தான். அதைவிட ஒருத்தர் நன்றாகப் பழக்க முடியாது.

பஸ்ஸில் இவர், "அக்காவப் பாத்துட்டுப் போலாமா?" என்றார். மேடவாக்கம் கூட்ரோட்டில் இறங்கிப் பள்ளிக்கரணைக்கு வேறு பஸ் பிடித்தோம். அண்ணி தம்பிக்குக் காப்பி கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், கீழே வைத்துவிட்டுப் போனாள். எத்திராஜ் அண்ணன் மாவுக்கட்டோடு உட்கார்ந்து என்னென்னவோ ஜோக் அடித்துப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் அண்ணியே வாயைத் திறந்தாள். என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்து.

"வார்த்தையக்கூட வாய் தவறிட்ச்சுன்னு வுட்ருவேன். இவர் கால் போனதும் அவர் நேரம்தான். சிரிச்சாளே! எங்கம்மாவ எரிச்ச அன்னிக்கு அத்தினி பல்லையும் காட்டிச் சிரிச்சாளே! அம்மா செத்ததுல ஒருத்திக்காவது சந்தோஷம்னு பாத்தவன்லாம் சொல்றான்."

நாங்கள் கிளம்பினோம். "வரேன்க்கா" என்று இவர் சொன்னார். தம்பிக்குத் தலையாட்டினாள். "வரேன் அண்ணி" என்று நானும் சொன்னேன். பதில் இல்லை. சாவு விழாத ஒரு வீட்டிலிருந்து போய்ட்டு வா என்ற வார்த்தை இல்லாமல் படி இறங்கினேன். ஆயிரம் பேருக்கு நான் தினமும் சொல்லுகிற வார்த்தை அது. அது இல்லாமல் தெருவில் நடப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

17 அக்டோபர், வியாழன்

எம்.டி.யிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாவு வீட்டுக் கதையையும். வசனம் அங்கேயும் அதேதான் என்றதும் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த ஆளுக்கு ப்ளைட் டிக்கெட் வேற போட்டுக் குடுத்தேன்மா!"

வசனத்தை எடுத்துவிடலாம் என்றேன். "எடுத்துட்டு? ஆளாளுக்கு வாய்க்கு வந்ததப் பேசுவாங்களா?" "முதல்ல முகத்தைப் பார்க்கட்டும் சார். பார்த்தா என்ன பேசணும்னு அவங்களுக்கே தெரியும். தெரியலேன்னா சும்மா இருக்கட்டும்." பொங்கல் வரைக்கும் பார்க்கலாம், காணும் பொங்கலன்று ரகளை ஆனால் பழையபடி வசனம்தான் என்றார்.

10 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. எங்களுக்கு இந்த வருஷம் இல்லை. வழக்கமாக அண்ணி அதிரசம் கொண்டுவருவாள். துக்க வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்ப வேண்டியதும் அவள்தான். தெருவெல்லாம் வெடிச் சத்தம், எங்கள் வாசல் மட்டும் சும்மா கிடந்தது. பக்கத்து வீட்டு லாசரஸ் சார் சம்சாரம் ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு இவர் எழுந்து போய்விட்டார்.

12 டிசம்பர், வியாழன்

மழை. கூட்டம் இல்லாததால் பயிற்சிக்கு நேரம் கிடைக்கிறது. இரும்பு கேட்டைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாயிற்று. இப்போது பெண்களை வாசலில் சும்மா நிற்க வைத்து, போகிறவர் வருகிறவரைப் பார்க்கச் சொல்கிறேன். பிறகு கேட்பேன். அந்த அம்மா எப்படி இருந்தார்கள்? அந்தப் பிள்ளை ஏன் அழுதது? ஆரம்பத்தில் திருதிருவென்று விழித்தார்கள். இன்று சரோஜினி, "தோள்ல புள்ள தூங்கிட்டிருந்துச்சு மேடம், அதான் ஒண்ணும் சொல்லாம கதவை மட்டும் புடிச்சுகினேன்" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. வேறொருத்தி ஒரு கிழவரிடம், "தாத்தா, ராட்டினத்துல பயந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். மரியாதை போதாது என்று எம்.டி. கத்தினார். கிழவர் என்னவோ சிரித்துக்கொண்டுதான் போனார்.

எல்லாருக்கும் சொல்லித்தருகிறேன். என் விஷயத்தில் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. பள்ளிக்கரணைக்கு மறுபடி போகலாமா? போய் என்ன சொல்வது? நான் அத்தை செத்ததுக்குச் சிரிக்கவில்லை அண்ணி, அது சிரிப்பே இல்லை என்றா?

14 ஜனவரி 1997, செவ்வாய்

பொங்கல். எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை. இவர் பள்ளிக்கரணை போய் அக்காவுக்குச் சீர்ப் பணம் கொடுத்துவிட்டு வந்தார். வாங்கிக்கொண்டாளாம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை.

16 ஜனவரி, வியாழன்

காணும் பொங்கல். கால் வைக்க இடமில்லை. செங்கல்பட்டு, குன்றத்தூர், பல்லாவரம் என்று வேன் வேனாக வந்து இறங்கினார்கள். கட்டுச்சோற்று மூட்டையை உள்ளே விட மாட்டோம் என்றதற்கு ஒரு சண்டை, காணாமல் போன குழந்தை ரெண்டு, கிடைத்த செருப்பு ஒரு கூடை. பெண்கள் தொண்டை கட்டிப் போய்விட்டார்கள். ஆனாலும் ரகளை இல்லை. எம்.டி. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பாஸ் என்று அர்த்தம்.

சாயங்காலம் வெளி வாசலில் ஆள் போதாமல் நானே நின்றேன். நாலு மணியிலிருந்து வாய் ஓயவில்லை. "பாத்து இறங்குங்க." "தொப்பியை விட்டுட்டுப் போறீங்க, தம்பி." "அம்மா, பாப்பாவுக்குத் தலைய துவட்டி விடுங்க."

அப்புறம் கூட்டத்தில் ஒரு ஊன்றுகோல் வந்தது. எத்திராஜ் அண்ணன். பின்னால் பிள்ளைகள் ரெண்டு பேர், நனைந்த தலையோடு. அவர்களுக்குப் பின்னால் அண்ணி.

எப்போது உள்ளே வந்தார்கள்? நான் பார்க்கவே இல்லை. பிள்ளைகள் "அத்தே!" என்று காலைக் கட்டிக்கொண்டன. கட்டிக்கொண்டால் என்ன, எனக்கு வாய் அடைத்துவிட்டது. கை மட்டும் பாதியில் தூக்கி அப்படியே நின்றது. கும்பிடவும் பயம், இறக்கவும் தெரியவில்லை. பின்னால் ஒருத்தன், "நடம்மா, வண்டி போய்டும்" என்று தள்ளுகிறான். அண்ணி என் முன்னால் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தக் குரல் இருக்கிறதே, அத்தையின் குரல்தான் அவளுக்கு, நான் மறந்தே போயிருந்தேன்.

"ஏண்டி, எத்தினி பேருக்குப் பல்லக் காட்டினே?"

அவ்வளவுதான். எங்கிருந்து வந்ததோ தெரியாது. நாலு மாசமாக வராத அழுகை. யூனிபாரத்தோடு, பேட்ஜோடு, காணும் பொங்கல் கூட்டத்துக்கு நடுவில், கேட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அத்தை, அத்தை என்று. போகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். அண்ணி என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். "அழு, அழுதுடுடி. இத்தினி நாளா எங்க வெச்சிருந்தே இத?" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலித்தது. நன்றாக இருந்தது.

வெளியே போகிறவர்களைக் கவனிக்க யாருமில்லை. எத்திராஜ் அண்ணன் ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு என் இடத்தில் நின்றுவிட்டார். கை கூப்பி, எல்லாப் பல்லும் தெரிய, ஒவ்வொருவரிடமும், "சந்தோஷமா போயிட்டு மறுபடியும் வாங்க! பாத்து வாங்க, நான் அப்டி வந்துதான் காலு போச்சு!" ஜனம் சிரித்துக்கொண்டு போயிற்று. அண்ணி அழுகையோடு, "யோவ், அடங்குய்யா" என்றாள்.

பிறகு அவர்களுடைய வேன்காரன் ஹாரன் அடித்தான். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவசரமா? சொல்ல மனசில்லையா? தெரியவில்லை.

21 ஜனவரி, செவ்வாய்

பத்து மணிக்கு கேட் கிறீச்சிட்டது. அண்ணி. கையில் பையும் அதற்குள் கீரையும். நேராக அடுப்படிக்குப் போய், "இன்னா சமைக்கிறே?" என்றாள். பழைய இடத்தில் உட்கார்ந்தோம். அத்தையின் வெற்றிலைப் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டோம். பம்மலில் யார் தலையும் தப்பவில்லை.

சாயங்காலம் கிளம்பினாள். நான் வாசல் வரை போனேன், வாயைத் திறக்காமல். கேட்டைத் திறந்தவள் திரும்பினாள்.

"வரேன் சரசு."

"வாங்க அண்ணி" என்றேன். சிரித்தேனா என்று ஞாபகமில்லை.

இவரிடம் சொல்லி அந்த கேட்டுக்கு எண்ணெய் போட வேண்டும்.